சின்னபாபுசமுத்திரம், பதினோரு பாடல்கள்

ஆயிரம் சி.டி. அச்சடித்தோம்.
பார்சல் வந்த அன்று உப்பளத்தில் மழை.
பெட்டிகள் நனையாமலிருக்க
அமலோற்பவநாதன் டிரம்ஸின் உறையைக் கழற்றிப் போர்த்தினான்.
டிரம்ஸ் நனைந்தது.

கன்ட்ரி ராக் என்றால் ரயில் வேண்டும்,
நெடுந்தூரம் வேண்டும்,
ஊரைவிட்டுப் போகிறவன் ஒருவன் வேண்டும்.
எங்கள் ரயிலுக்கு மொத்தமே முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
மனமுடைந்தவன் புதுச்சேரியில் ஏறினால்
அழுது முடிக்குமுன் விழுப்புரம் வந்துவிடும்.
அதனால் அவனை நடுவிலேயே இறக்கினோம்,
சின்னபாபுசமுத்திரத்தில்,
வேறு யாரும் இறங்காத ஒரு மதியத்தில்.
ஆல்பத்துக்கும் அதுவே பெயர்.

பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கக் காசில்லை.
முத்தியால்பேட்டை லேத் பட்டறையில்
கலியவரதன் செய்து கொடுத்தான்:
தேக்குப் பலகை, ஸ்கூட்டர் கிளட்ச் வயர்,
தையல் மிஷினின் கால்மிதி இரண்டு.
மிதித்தால் ஒரு சுரம் வழுக்கிப் போய்
இன்னொன்றின் மடியில் விழும்.
படத்தில் பார்த்ததைவிட ஒரு கம்பி குறைவு.
அந்தக் கம்பியில் என்ன இருந்திருக்கும் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியீட்டுக்கு எழுபது பேர். சமோசா நூற்றிருபது.
விற்றது இருபத்து மூன்று,
அதில் பத்தொன்பது உறவு.

மிஷன் வீதிக் கடைக்காரர்
அமலோற்பவநாதன், சவரிராயன் என்று அட்டையில் பார்த்துவிட்டு
தவக்காலப் பாடல்களோடு அடுக்கிவிட்டார்.
அதுதான் எங்கள் பொற்காலம்.
இரண்டு வாரத்தில் அறுபத்து நான்கு.
புனித வெள்ளிக்குள் நாற்பத்தொன்று திரும்பி வந்தது.
கொண்டுவந்த அம்மாள் ஒருவர் சொன்னாராம்:
"ஏழாவது பாட்டுல சாராயம் வருதுங்க.
மத்தபடி நல்லாத்தான் இருக்கு."
இதைவிட நேர்மையான விமர்சனம் பிறகு வரவில்லை.

சென்னைப் பத்திரிகை ஒன்று நான்கு வரி எழுதியது.
தமிழுக்குப் பொருந்தாத தொப்பி, என்றது.
நாங்கள் தொப்பியே போடவில்லை.
கடற்கரைப் பக்கம் உணவகம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்
இரண்டு ராத்திரி ஓடவிட்டு, கைகூப்பித் திருப்பித் தந்தார்.
சாப்பிட வருகிறவர்கள் வீணை கேட்கிறார்களாம்.

நான் வணிகவரி அலுவலகத்தில் உதவியாளன்.
பகலெல்லாம் சிமெண்ட், பிளைவுட், மதுக்கடைக் கணக்கு.
ஒரு சனிக்கிழமை, யாருமில்லாதபோது,
அதிகாரியின் பச்சைப் பேனாவை எடுத்து
எங்கள் கணக்கையும் போட்டேன்.
விற்றவை நூற்றொன்பது. தலா அறுபது.
ஆறாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.
வரி வரம்புக்கு வெகு கீழே.
நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது
என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
பிறகு கிழித்தேன், சின்னச் சின்னதாக.

சவரிராயன் மாமனாரின் பிரெஞ்சு பென்ஷனோடு
ரெயூனியன் போய்ச் சேர்ந்தான்.
தானே புயலில் ஷெட்டின் கூரை போயிற்று.
சேறு தின்றது போக மிச்சத்தை
பாகூர் கொய்யாத்தோப்புக்காரர் ஒருவர் கேட்டார், கிளி விரட்ட.
சும்மாவே கொடுத்தேன்.
கிளைக்குக் கிளை சுழன்று மின்னினோம்.
ஒரு வாரம் பயந்த கிளிகள்
எட்டாம் நாள் வந்து சாவகாசமாகத் தின்றன.

போன மாதம், கடலூர் போகும் தனியார் பேருந்தில்,
ரெட்டிச்சாவடி தாண்டும்போது
டிரைவரின் தலைக்கு மேலிருந்து வழுக்கியது
அந்தக் கிளட்ச் வயர்.
எட்டாவது பாடல்.
என் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை.
அந்த ஸ்பீக்கரில் யாருடையதும் கேட்காது.
மீன் விற்றுத் திரும்புகிறவள்
காலி அன்னக்கூடையைக் காலிடுக்கில் வைத்தபடி
"யாருய்யா இப்பிடி அழுவறது?" என்றாள்.
"யாருமில்லக்கா, கம்பி" என்றார் கண்டக்டர்.
"கம்பியா?"
கொஞ்ச நேரம் கேட்டாள்.
"சரி, அழுவட்டும் வுடு."

கண்டக்டர் எனக்கு நான்கு ரூபாய் தரவேண்டியிருந்தது.
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தார்.
கேட்காமலே மஞ்சக்குப்பத்தில் இறங்கிவிட்டேன்.
டிக்கெட் இருக்கிறது,
நான்கு என்று எழுதி, அடியில் ஒரு கோடு.